நிறுத்திவைத்த வண்டிக்குள் எலி புகாமல் காப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டியைத்தான் எலி நாடும். எந்த மருந்தைத் தெளிக்கலாம், எந்தக் கருவியை வாங்கலாம் என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் வேறு பக்கம் போகும்: வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை நாள் நிற்கிறது, பானெட்டை எவ்வளவு அடிக்கடி திறந்து பார்க்கிறீர்கள். இந்த மூன்றும் ஒழுங்காக இருந்தால் மருந்தும் கருவியும் துணைக்கு வந்தால் போதும். இவை மூன்றும் இல்லாவிட்டால் எதை வாங்கினாலும் காசுக்குக் கேடு.

வண்டிக்குள் தின்ன ஒன்றும் இல்லையே, எலி ஏன் வருகிறது?

தின்ன வருவதில்லை, தங்க வருகிறது. என்ஜின் இருக்கும் பகுதி இருட்டானது, மழை படாதது, காற்று அடிக்காதது. ஓட்டி நிறுத்திய பிறகு சில மணி நேரம் கதகதப்பாகவும் இருக்கும். ஆந்தை அங்கே நுழைய முடியாது, நாய் எட்ட முடியாது. பானெட்டின் உட்புறத்தில் வெப்பமும் சத்தமும் தாங்க ஒட்டியிருக்கும் பஞ்சுத்தகடு, கூடு கட்டத் தயாராகக் கிடைக்கும் மெத்தை. குட்டி போட இதைவிட நல்ல இடம் ஓர் எலிக்கு வாய்க்காது.

சுண்டெலியின் கர்ப்ப காலம் ஏறத்தாழ மூன்றே வாரங்கள். ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள் சாதாரணம். ஒரு மாதம் அசையாமல் நின்ற காரில் ஒரு குடும்பமே இருந்தால் அதில் வியப்பில்லை.

ஒயரைக் கடிப்பதற்குக் காரணம் பசி அல்ல. எலியின் முன்வெட்டுப் பற்கள் சாகும் வரை வளர்பவை. தேயாமல் விட்டால் பெரிய எலிக்கு ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் வளரும். பல்லின் முன்புறத்தில் இரும்புச்சத்து கலந்த ஆரஞ்சு நிற எனாமல், பின்புறத்தில் அதைவிட மென்மையான பகுதி. பின்புறம் சீக்கிரம் தேய்வதால் முனை எப்போதும் உளியைப் போலக் கூராகவே இருக்கும். ஆனால் பல்லைத் தேய்ப்பதற்காகத்தான் ஒயரைத் தேடி வருகிறது என்பதும் முழு உண்மை அல்ல. புதிதாக எது எதிர்ப்பட்டாலும் கடித்துப் பார்ப்பது, வழியில் குறுக்கே இருப்பதை அறுப்பது, கூட்டுக்கு மெல்லிய துண்டுகளைச் சேர்ப்பது எல்லாம் அதன் பிழைப்பு. முன்னங்கால்களால் பிடிக்க வாகான தடிமனில், பல் இறங்கும் மென்மையில் இருக்கும் ஒயர் அதற்கு மாட்டிக்கொள்கிறது.

வந்தது எலிதானா, வேறு எதுவுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

புழுக்கையைப் பாருங்கள். அரிசிமணியைவிடச் சிறியதாக, இரு முனையும் கூராக இருந்தால் சுண்டெலி. ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குத் தடித்து நீண்டிருந்தால் வீட்டெலி அல்லது அதைவிடப் பெரிய இனம். பகலில் நடமாட்டம் தெரிந்து, கொட்டைத் தோடுகளும் நார்களும் கிடந்தால் அணிலாக இருக்கலாம். அணிலும் கொறிக்கும் இனம்தான், ஒயரை விட்டுவைக்காது.

மூஞ்சூறைப் பலரும் எலி என்று எண்ணிவிடுகிறார்கள். நீண்ட மூக்கும் கடுமையான வாடையும் கொண்ட அது கொறிவிலங்கு இனமே அல்ல; பூச்சிகளைத் தின்று வாழ்வது. அதைக் கண்டு ஒயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, விரட்டினால் போதும்.

எந்த வழியாக ஏறுகிறது?

என்ஜின் பகுதிக்குக் கீழே முழுமையான அடைப்பு கிடையாது. டயரில் ஏறி, அதைத் தாங்கும் இரும்புக் கைகளின் மேல் நடந்து, நேரே என்ஜினுக்குப் போய்விடலாம். டயரே வேண்டாம் என்றால் வண்டியை ஒட்டிய சுவர், செடி, சாய்த்து வைத்த ஏணி எதுவும் உதவும். வளர்ந்த எலி நின்ற இடத்திலிருந்து முக்கால் மீட்டர் உயரம் வரை எம்பும்.

மனிதர் உட்காரும் பகுதிக்குள் வர வேறு வாசல்கள் உண்டு. முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் பொருத்தியிருக்கும் இடத்தில் ஏசிக்குக் காற்று இழுக்கும் திறப்பு முதல் வாசல். ஒயர்க்கட்டும் ஸ்டீயரிங் தண்டும் தகட்டைத் துளைத்து வரும் இடங்களில் உள்ள ரப்பர் வளையங்கள் அடுத்தது. பின்பம்பருக்கு உள்ளே, கதவைச் சாத்தும்போது காற்று வெளியேற வைத்திருக்கும் மெல்லிய மடல்கள் மூன்றாவது. இதைப் பற்றி வண்டி வைத்திருப்பவர்களில் பலருக்குத் தெரிவதே இல்லை. சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். இளம் எலிக்கு 12 மில்லிமீட்டர். தலை நுழைந்தால் உடலும் நுழைந்துவிடும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

எலி வந்துபோன அடையாளம் என்ன?

பகல் வெளிச்சத்தில் பானெட்டைத் தூக்கிவிட்டு, எதையும் தொடாமல் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பேட்டரியின் மேற்புறம், என்ஜினை மூடும் பிளாஸ்டிக் தட்டு, ஃபியூஸ் பெட்டியின் மூடி ஆகிய தட்டையான இடங்களில்தான் புழுக்கை முதலில் தெரியும். அடுத்து பானெட்டின் உட்புறப் பஞ்சு: ஓரத்தில் கையளவு பிய்ந்து, கீழே நார் நாராகத் தொங்கினால் பக்கத்தில் எங்கோ கூடு இருக்கிறது என்று பொருள். பேட்டரிக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையிலுள்ள இடுக்கு, ஏர் ஃபில்டர் பெட்டியின் உட்புறம், என்ஜினுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவே உள்ள பள்ளம் ஆகிய மூன்றையும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

கடிபட்ட ஒயரை அடையாளம் காண்பது எளிது. வெட்டிய ஒயருக்கு முனை நேராக இருக்கும். எலி கடித்த ஒயரில் மேலுறை மட்டும் அரைவட்டமாகச் சுரண்டப்பட்டு, அடுத்தடுத்து இரண்டிரண்டு கோடுகளாகப் பல் தடம் பதிந்திருக்கும். உள்ளே செம்புக் கம்பிகள் புதிதாகப் பளபளக்கும். கீழே உறையின் நிறத்திலேயே பொடித்துகள் சிதறிக் கிடக்கும். செம்பு கறுத்துப் பச்சை பூத்திருந்தால் அது பழைய கடி.

ஏசி போட்டதும் மூத்திர வாடை அடித்தால் ஏசி ஃபில்டரை உருவிப் பாருங்கள். பல வண்டிகளில் அது இடப்பக்க முன் இருக்கைக்கு எதிரே உள்ள சிறு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். கருவி ஏதும் இல்லாமலே கழற்றலாம். மடிப்பு மடிப்பாக இருக்க வேண்டிய தாள் நடுவில் குழிந்து, பஞ்சும் இலையும் சேர்ந்த கிண்ணம் போல இருந்தால் விஷயம் புரிந்துவிடும். அந்த நிலையில் ஏசியை ஓட்டாதீர்கள். அதன் வழியாக வரும் காற்றைத்தான் நீங்கள் சுவாசிக்கிறீர்கள்.

பானெட்டைத் திறந்தே வைத்தால் எலி வராது என்கிறார்களே?

பூட்டிய கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு இது நல்ல யோசனை. நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். இருட்டும் மறைவும்தான் எலியை அழைக்கின்றன. இரண்டையும் எடுத்துவிட்டால் அது வேறு இடம் பார்க்கும். பானெட்டுக்குக் கீழே ஒரு சிறு எல்இடி விளக்கை வீட்டு மின்சாரத்தில் எரியவிட்டால் இன்னும் நல்லது. வண்டியின் பேட்டரியிலிருந்து எரியவிட்டால் பேட்டரி இறங்கிவிடும். சில வண்டிகளில் பானெட் திறந்திருந்தால் உள்ளே ஒரு விளக்கு தானாக எரிந்துகொண்டே இருக்கும், அதையும் கவனியுங்கள். திறந்த வெளியில், மழை விழும் இடத்தில் நிற்கும் வண்டிக்கு இந்த யோசனை வேண்டாம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை வண்டியை எடுக்க வேண்டும்?

இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. எடுக்க முடியாவிட்டாலும் பானெட்டைத் திறந்து பாருங்கள், இடத்தைச் சற்று மாற்றி நிறுத்துங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டு அணைப்பதால் பயனில்லை. பேட்டரி சரியாக ஏறாது, எலிக்கோ கதகதப்பான படுக்கை கிடைக்கும்.

நிறுத்தும் இடத்தில் என்னென்ன செய்யலாம்?

முழு வேலையும் இங்கேதான் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் எலி இல்லாமல் வண்டிக்குள் எலி வராது.

குப்பைத் தொட்டி, நாய்க்கும் பறவைக்கும் வைக்கும் தீவனம், தானிய மூட்டை, உதிர்ந்த பழம் ஆகியவை வண்டிக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. தீவனத்தைத் தகர டப்பாவில் இறுக்கி மூடி வையுங்கள். சாக்கு, அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் பை எதுவும் எலிப் பல்லுக்குத் தடையே அல்ல. பயன்படாத பலகை, பழைய டயர், விறகு என்று சுவரோரம் குவித்து வைத்திருப்பதை அப்புறப்படுத்துங்கள். எலி திறந்த வெளியைக் கடக்க அஞ்சும். சுவரையோ பொருளையோ உரசிக்கொண்டுதான் ஓடும். சுவரை ஒட்டி நிறுத்திய வண்டி அதன் நடைபாதையிலேயே நிற்கிறது. நான்கு பக்கமும் ஒரு மீட்டராவது வெறுந்தரை இருக்கும்படி நிறுத்துங்கள். செடியை ஒட்டி, புல் வளர்ந்த தரையில், காய்ந்த இலைக் குவியலின் மேல் நிறுத்தாதீர்கள்.

கொட்டகை என்றால் கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ரப்பர் பட்டை மட்டும் வைத்தால் கடித்துவிடும். உலோகத் தகடு சேர்த்து அடியுங்கள். குழாய் நுழையும் துளைகளைச் சிமென்ட் வைத்துப் பூசுங்கள். தரையில் வளை தெரிந்தால், மாலையில் அதன் வாயைத் தாளால் அடைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். தாள் தள்ளப்பட்டிருந்தால் உள்ளே குடியிருப்பு இருக்கிறது. முதலில் அதைப் பிடித்து அகற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் வளையை மூட வேண்டும். குடியிருக்கும்போதே மூடினால் வேறு வாய் தோண்டிக்கொள்ளும்.

வண்டிக்கு உள்ளேயும் ஒரு பார்வை வேண்டும். குழந்தை இருக்கையின் மடிப்பில் விழுந்த பிஸ்கட் தூள் ஒரு சுண்டெலிக்குச் சாப்பாடு. இருக்கைகளுக்கு அடியில் வெற்றிடக் கருவியால் (வாக்குவம் கிளீனர்) உறிஞ்சி எடுங்கள். துடைக்கும் காகிதம், பழைய துணி, செய்தித்தாள் எதுவும் உள்ளே கிடக்க வேண்டாம், அவை கூட்டுக்கான மூலப்பொருள்.

வண்டிக்கு உறை போட்டு மூடினால் பாதுகாப்பா?

தூசிக்கும் வெயிலுக்கும் பாதுகாப்பு. எலிக்கு அது கூடாரம். தரைவரை தொங்கும் உறை வண்டியின் அடியை முழுக்க இருட்டாக்கி, வந்துபோவதை மறைத்துக்கொடுக்கும். உறை போட்டே ஆக வேண்டும் என்றால் தரையிலிருந்து நன்றாக மேலே நிற்கும்படி கட்டுங்கள்.

நாப்தலின் உருண்டை, புகையிலை, புதினா தைலம், மிளகாய்த்தூள்: எது வேலை செய்யும்?

நாப்தலினை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் ஆபத்தானது. நாப்தலின் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸில் உருகும். அதே வெப்பநிலை வாக்கில் அதன் ஆவி தீப்பற்றவும் கூடும். ஓடும் என்ஜினின் குளிர்விப்பு நீரே 90 டிகிரிக்கு அருகில் இருக்கும், புகைபோக்கிக் குழாய் அதைவிடப் பல மடங்கு சூடு. அந்த இடத்தில் இந்த உருண்டைகளைக் கட்டித் தொங்கவிடுவது நல்லதல்ல. அதன் ஆவி ஏசி வழியாக உள்ளே வரும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நாப்தலின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். குழந்தைகள் ஏறும் வண்டியில் இதை வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

புதினா தைலமும் அது போன்ற நறுமண எண்ணெய்களும் புதிதாகத் தெளித்த சமயத்தில் எலிக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் அவை ஆவியாகும் பொருள்கள். சூடான என்ஜினில் அந்த வாசம் சீக்கிரமே போய்விடும். குட்டிகளோடு கூட்டில் இருக்கும் தாய் எலி வாசனைக்காக வீட்டைக் காலி செய்யாது. புகையிலைக் கட்டும் இதே கதைதான். காய்ந்த இலை என்ஜினுக்குள் உதிர்ந்து விசிறியிலும் ஃபில்டரிலும் சேர்வது கூடுதல் தொல்லை.

மிளகாயின் காரப்பொருளான காப்சைசினுக்குச் சற்று அடிப்படை இருக்கிறது, ஏனென்றால் பாலூட்டிகளின் வாயில் அது உண்மையிலேயே எரியும். ஹோண்டா நிறுவனம் காப்சைசின் கலந்த ஒட்டுநாடாவை ஒயர்களைச் சுற்றுவதற்கென்றே உதிரிபாகமாக விற்கிறது. அத்தகைய நாடாவை ஏற்கெனவே கடிபட்ட பகுதிகளில் சுற்றுவது நல்ல பழக்கம். சுற்றிய இடத்துக்குத்தான் அது காவல் என்பதையும் மறக்க வேண்டாம். சமையலறை மிளகாய்த்தூளை அள்ளித் தூவுவது வேறு. முதல் முறை ஏசி போடும்போது அது உங்கள் கண்ணுக்குத்தான் வரும்.

எலிக்கு மட்டும் கேட்கும் ஒலியை எழுப்பும் கருவி வாங்கலாமா?

மனிதக் காது ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். எலிக்கு 80 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கும் கேட்கும். அதனால் கருவி எழுப்பும் ஒலி எலிக்குக் கேட்கும் என்பதில் ஐயமில்லை. சிக்கல் இரண்டு. அலைநீளம் இவ்வளவு குறுகிய ஒலி நேர்கோட்டில்தான் போகும். என்ஜினுக்குப் பின்னால், பேட்டரிக்கு அடியில் நிழல் விழுவது போல ஒலி எட்டாத மூலைகள் இருக்கும். இன்னொன்று, தீங்கு செய்யாத சத்தத்துக்கு எலி சில நாளில் பழகிவிடும். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2001-இல் இத்தகைய கருவிகளைத் தயாரித்தும் விற்றும் வந்த 60-க்கும் மேற்பட்டவர்களுக்கு, விளம்பரத்தில் சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இதற்குச் செலவழிக்கும் பணத்தில் நல்ல பொறிகளை வாங்கலாம்.

கம்பிவலை வைத்து அடைத்துவிட முடியுமா?

என்ஜின் பகுதி முழுவதையும் அடைக்க முடியாது, அடைக்கவும் கூடாது. அதற்குக் காற்று வேண்டும். ஆனால் ஏசிக்குக் காற்று இழுக்கும் திறப்பு, ஏர் ஃபில்டருக்குப் போகும் குழாயின் வாய், பின்பம்பருக்கு உள்ளே உள்ள மடல்கள் ஆகிய மூன்றுக்கும் 6 மில்லிமீட்டருக்கு மேல் கண் இல்லாத துருப்பிடிக்காத எஃகு வலையைப் பொருத்தலாம். காற்றின் வரத்து குறையாதபடி, நகரும் பாகத்தில் உரசாதபடி ஒரு மெக்கானிக்கைக் கொண்டு செய்யுங்கள். பிளாஸ்டிக் வலை வீண். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை இடுக்கில் திணிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது துருப்பிடித்து உதிரும். உதிரும் இழை மின்சாரம் கடத்தும் என்பதால் ஒயர் இணைப்புகளுக்குப் பக்கத்தில் வரவே கூடாது. கதவுகளின் அடியில் இருக்கும் சிறு துளைகள் மழைநீர் வடிவதற்கானவை. அவற்றை அடைத்தால் தகடு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

எலி விஷம் வைத்தால் ஒரேயடியாகத் தீர்ந்துவிடாதா?

வண்டிக்குள்ளும் வண்டிக்கு அடியிலும் விஷம் வைக்காதீர்கள். இன்று அதிகம் விற்கும் புரோமாடியோலோன், புரோடிஃபாக்கூம் வகை மருந்துகள் ரத்தம் உறையாமல் செய்து கொல்பவை. தின்ற எலி சாக மூன்று நாள் முதல் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். அதுவரை உயிரோடு திரியும். கடைசியில் தனக்குப் பழகிய மறைவிடத்தில் போய் முடங்கும். அந்த மறைவிடம் உங்கள் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருந்தால், நாற்றத்தைப் போக்க டாஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும்.

அந்த எலியைத் தின்னும் ஆந்தை, பூனை, நாய் ஆகியவற்றுக்கும் விஷம் ஏறும். எலியைத் தின்று வாழும் ஆந்தை ஒன்று அந்தப் பகுதியில் செத்தால் அடுத்த ஆண்டு எலி கூடுமே தவிரக் குறையாது. துத்தநாக பாஸ்பைடு வகை இன்னும் கொடியது: வயிற்றில் பாஸ்பின் என்ற நச்சு வாயுவை உண்டாக்கும். குழந்தையோ வளர்ப்பு விலங்கோ எலி விஷத்தைத் தின்றதாகச் சந்தேகம் எழுந்தால் அறிகுறிக்காகக் காத்திராமல், மருந்தின் உறையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். ரத்தம் உறையாமல் செய்யும் வகைக்கு வைட்டமின் கே1 என்ற முறிமருந்து உண்டு, எந்த மருந்து என்று தெரிந்தால்தான் கொடுக்க முடியும்.

அப்படியானால் பொறி எப்படி வைப்பது?

அடித்துக் கொல்லும் விசைப்பொறியைச் சுவரோரத்தில், இரை வைக்கும் முனை சுவரைப் பார்க்கும்படி வையுங்கள். எலி சுவரை உரசி வரும்போது அதன் முகம் நேரே இரைக்கு வரும். ஒன்று வைத்துக் காத்திருப்பதைவிட ஒரே இரவில் நான்கைந்து வைப்பது மேல்.

சுண்டெலி புதுப்பொருளைக் கண்டால் ஆவலோடு வந்து பார்க்கும். பெரிய எலி அப்படி அல்ல. வழியில் புதிதாக ஒன்று முளைத்தால் பல நாள் சுற்றிப் போகும். அதனால் விசையை ஏற்றாமல், இரையை மட்டும் வைத்து மூன்று நான்கு நாள் தின்னப் பழக்குங்கள். கூச்சமின்றித் தின்னத் தொடங்கிய பிறகு விசையை ஏற்றுங்கள். பொறுமை இல்லாதவர்கள்தான் ‘எலிக்குப் புத்தி அதிகம், பொறியில் விழாது’ என்கிறார்கள்.

என்ஜினுக்கு உள்ளே பொறி வைக்க வேண்டாம். மறந்து வண்டியை எடுத்தால் அது விசிறியிலோ பெல்ட்டிலோ மாட்டும். பசை அட்டையையும் வேண்டாம் என்பேன். ஒட்டிக்கொண்ட உயிர் மணிக்கணக்கில் துடித்துச் சாகிறது. குருவியும் ஓணானும்கூட அதில் சிக்குகின்றன.

பூனை வளர்த்தால்?

நடமாட்டம் ஓரளவு குறையும். என்ஜினுக்குள் இருக்கும் கூட்டைப் பூனையால் எட்ட முடியாது. குளிர் நாளில் பூனையே சூட்டுக்காக என்ஜினில் ஏறிப் படுக்கும். வண்டியை எடுக்கும் முன் பானெட்டில் இரண்டு தட்டுத் தட்டி, சற்றுப் பொறுத்து எடுங்கள்.

புதிய வண்டிகளின் ஒயர் சோயாவில் செய்யப்படுவதால்தான் எலி கடிக்கிறதா?

சோயா போன்ற தாவர மூலப்பொருள் கலந்த உறைகள் சில ஒயர்களில் பயன்படுகின்றன என்று சொல்லி, அமெரிக்காவில் சில வாகன நிறுவனங்கள்மீது வழக்கும் தொடுத்தார்கள். ஆனால் எலி அதற்கு முந்தைய காலத்து ஒயர்களையும் கடித்தது. பெட்ரோலியத்தில் செய்த பிளாஸ்டிக்கைக் கடிக்கும், ரப்பர் குழாயைக் கடிக்கும், ஈயக்குழாயைக் கூடக் கடிக்கும். இன்றைய வண்டியில் ஒயர் பல மடங்கு கூடியிருப்பதால் சேதமும் செலவும் கூடியிருக்கின்றன என்பது எனக்கு நம்பத்தகுந்த விளக்கமாகப் படுகிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

கூட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். எப்படி அகற்றுவது?

துடைப்பத்தாலும் காற்றுக் குழாயாலும் வெற்றிடக் கருவியாலும் உலர்ந்த கூட்டைக் கலைக்காதீர்கள். இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வையுங்கள். எலியின் மூத்திரத்திலும் எச்சத்திலும் உள்ள கிருமி தூசியோடு எழுந்து மூச்சில் போகும். ஹான்டா வைரஸ் அப்படித்தான் பரவும். 1993-இல் அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் இளம் வயதினரைக்கூடச் சில நாளில் கொன்ற நுரையீரல் நோய்க்கு, ஒரு வகைக் காட்டுச் சுண்டெலி சுமந்த ஹான்டா வைரஸே காரணம் என்று கண்டறிந்தார்கள். எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ், மூத்திரம் பட்ட ஈரத்திலிருந்து கையில் உள்ள சிறு கீறல் வழியாக ஏறும்.

கதவுகளையும் பானெட்டையும் திறந்து அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். ரப்பர் கையுறை, நல்ல முகக்கவசம் அணியுங்கள். வீட்டு பிளீச் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு என்று கலந்து, கூடும் புழுக்கையும் சொட்டச் சொட்ட நனையும்படி தெளித்து ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு காகிதத் துணியால் அள்ளி, இரண்டு பைகளில் கட்டிக் குப்பையில் சேருங்கள். பிளீச் உலோகத்தை அரிக்கும், இருக்கைத் துணியை வெளுக்கும். ஒயர் இணைப்பு, பேட்டரி முனை ஆகிய இடங்களில் அதற்குப் பதில் கிருமிநாசினித் துடைப்பத் துணியைப் பயன்படுத்துங்கள். ஏசி ஃபில்டரைக் கழுவ முயலாதீர்கள், புதிதாக மாற்றுங்கள். கையுறையைக் கழற்றும் முன் அதன்மேலேயே சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு வெறுங்கையையும் கழுவுங்கள்.

சில நாள் கழித்துக் காய்ச்சலோ கடும் உடல்வலியோ வந்தால், எலிக்கூட்டைச் சுத்தம் செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஒயர் கடிபட்டிருக்கிறது. பணிமனை வரை ஓட்டிக்கொண்டு போகலாமா?

பெட்ரோல் வாடை வந்தால் சாவியைத் தொடாதீர்கள். எரிபொருள் குழாயிலும் பல் பட்டிருக்கலாம். பிரேக், ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகளில் எது எரிந்தாலும் இழுவை வண்டியை வரவழையுங்கள். சக்கரத்தின் வேகத்தை அளக்கும் ஒயர் அறுந்தால் ஏபிஎஸ் வேலை செய்யாது, அவசரத்தில் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளக்கூடும். புகைபோக்கியின் அருகே கூட்டுத் துணுக்கு இருந்தால் தீப்பிடிக்கும். அதை எடுக்காமல் என்ஜினை ஓடவிடக் கூடாது.

வெளிச்ச விளக்குக்கோ ஹாரனுக்கோ போகும் சாதாரண ஒயர் என்றால், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஒயரை ஈயத்தால் பற்றவைத்து, வெப்பத்தில் சுருங்கும் குழாய் போட்டு மூடலாம். வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவது சில மழைக்குத் தாங்காது. இரண்டு ஒயர்கள் பின்னல் போல முறுக்கிக்கொண்டு போனால் அவை கணினிப் பெட்டிகளுக்கு இடையே தகவல் கடத்துபவை. முறுக்கைக் குலைத்து இணைத்தால் புதுப்புதுக் கோளாறுகள் வரும். மஞ்சள் உறையில் அல்லது மஞ்சள் இணைப்பில் போகும் ஏர்பேக் ஒயரில் கை வைக்கவே வேண்டாம்.

ஒருமுறை சரிசெய்த பிறகும் அதே வண்டிக்கு ஏன் திரும்ப வருகிறது?

வாடை. எலி போகும் வழியெல்லாம் மூத்திரத் துளியையும் உடல் எண்ணெயையும் விட்டுச்செல்கிறது. அடுத்து வரும் எலிக்கு ‘இங்கே ஓர் எலி பத்திரமாக வாழ்ந்தது’ என்ற செய்தி அது. ஒயரை மாற்றிவிட்டு என்ஜின் பகுதியைக் கழுவாமல் விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மின்பாகங்களை மூடத் தெரிந்த ஆளிடம் கொடுத்துச் சோப்புக் கரைசலால் கழுவச் சொல்லுங்கள். வண்டி நின்ற தரையையும் கழுவுங்கள்.

வாடையின் வலிமைக்கு ஐரோப்பாவில் ஒரு சான்று உண்டு. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் கல்மார்ட்டன் என்ற கீரி போன்ற விலங்குதான் கார் ஒயர்களைக் கடிக்கிறது. ஓர் ஆண் மார்ட்டனின் எல்லையில் நின்ற கார், இன்னொன்றின் எல்லைக்குப் போய் நின்றால், அங்குள்ள மார்ட்டன் அந்நிய வாடையைக் கண்டு வெறிகொண்டு ஒயரைக் குதறிவிடும். அங்கேயும் முதல் அறிவுரை என்ஜினைக் கழுவு என்பதுதான்.

மின்சாரக் காருக்கும் இந்தத் தொல்லை உண்டா?

உண்டு. என்ஜின் சூடு இல்லாவிட்டாலும் இருட்டும் மறைவும் அங்கேயும் இருக்கின்றன. ஆரஞ்சு நிறத் தடித்த கேபிள்களில் 400 வோல்ட்டுக்கு அருகில், சில வண்டிகளில் 800 வோல்ட் வரை மின்னழுத்தம் இருக்கும். அவற்றின் உறையில் ஒரு கீறல் தெரிந்தாலும் கையால் தொடாமல், பயிற்சி பெற்ற பணிமனையை அழையுங்கள்.

மாதக்கணக்கில் வெளியூர் போகிறேன், வண்டியை என்ன செய்வது?

கிளம்பும் முன் உள்ளேயும் வெளியேயும் நன்றாகக் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். ஏசியை வெளிக்காற்று வராத உட்சுழற்சி நிலையில் வைத்து அணைத்தால் பல வண்டிகளில் அந்தத் திறப்பின் மடல் மூடிக்கொள்ளும். கண்ணாடிகளை முழுக்க ஏற்றுங்கள். காற்றுக்குழாயின் வாயையும் புகைபோக்கியின் முனையையும் எஃகு வலையால் மூடினால், மூடியதை எழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவிடுங்கள். சுற்றிலும் பொறிகள் வைப்பதானால் அவற்றைப் பார்க்க ஆள் வேண்டும். பிடிபட்ட எலி அழுகிக் கிடந்தால் பொறி வைத்ததே வினையாகிவிடும். இவை எல்லாவற்றையும்விட, வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்த்துச் சற்றுத் தூரம் ஓட்டிவர நம்பகமான ஒருவரிடம் சாவியைக் கொடுத்துப் போவதுதான் சிறந்த வழி.

இருசக்கர வண்டியில் எங்கே பார்க்க வேண்டும்?

இருக்கைக்கு அடியில், ஏர் ஃபில்டர் பெட்டியில், ஸ்கூட்டர் என்றால் முன்புறத் தகட்டுக்குப் பின்னால். இருக்கையின் நுரைப்பஞ்சைத்தான் முதலில் பிய்க்கும். இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டிக்குள் மழைக்கோட்டையும் துணியையும் திணித்து வைக்காதீர்கள்.

எலி கடித்த சேதத்துக்குக் காப்பீடு கிடைக்குமா?

விபத்து அல்லாத சேதங்களையும் உள்ளடக்கும் முழுமைக் காப்பீட்டில் கிடைக்க வாய்ப்பு உண்டு. மூன்றாம் நபர் காப்பீட்டில் கிடைக்காது. சில பத்திரங்களில் கொறிவிலங்குச் சேதம் விலக்காக எழுதப்பட்டிருக்கும் என்பதால் பத்திரத்தின் விலக்குப் பகுதியை இப்போதே படித்துவிடுங்கள். தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் தயாரிப்புக் குறைக்கானது, பொதுவாக எலிக் கடி அதில் வராது. கடிபட்டதைக் கண்டதும் எதையும் அகற்றாமல் கூடு, புழுக்கை, அறுந்த ஒயர் எல்லாவற்றையும் படம் எடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, மதிப்பீட்டாளர் பார்த்த பிறகே பணிமனையில் வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.